மூன்று நகல் போட்ட மனு

1

முரளிக்கும் சுமதிக்கும் அப்பா எழுதுவது.

இதை நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து படிக்கப் போவதில்லை. ஒருத்தன் புனேயில், ஒருத்தி ஹாஸ்டலில். அதனால் ஒரே விஷயத்தை இரண்டு தடவை கையால் எழுதி, இரண்டு உறையில் போடுகிறேன். நடுவில் கார்பன் தாள் வைத்திருந்தால் பாதி நேரம் மிச்சமாகியிருக்கும். வைக்கவில்லை. ஏன் என்று முரளிக்குத் தெரியும். சுமதிக்குப் பாதி தெரியும். மீதியைச் சொல்லத்தான் இது. அம்மாவுக்கு உங்களில் யாராவது ஒருத்தர் படித்துக் காட்டுங்கள்.

போன செவ்வாய்க்கிழமை ஆவடி கோவில்பதாகை வீட்டிலிருந்து தடித்த உறை ஒன்று வந்தது. அம்மா சொல்லச் சொல்ல சுமதி எழுதிய கடிதம், கூட ஐந்து போட்டோ. நாலு போட்டோ வீட்டுக்கு வெள்ளையடித்த பிறகு எடுத்தவை. வாசலில் அம்மா, கிணற்றடியில் அம்மா, பீரோ பக்கத்தில் அம்மா, மாடிப்படியில் அம்மாவும் எதிர்வீட்டுக்காரியும். ஐந்தாவது வேறு. அதில் சுமதி ஒரு மேடையில் நிற்கிறாள். தலையில் துண்டு, மையால் வரைந்த மீசை, மடித்துக் கட்டிய வேட்டி. பக்கத்தில் நாலு பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். சுமதியும் சிரிக்கிறாள், கடைவாய்ப் பல் தெரிகிற அளவுக்கு. நான் லீவில் வரும்போதெல்லாம் பார்க்கிற சுமதி வாயைக் கையால் மூடிக்கொண்டுதான் சிரிப்பாள். இவள் யார் என்று கொஞ்ச நேரம் பார்த்தேன்.

பிறகு படத்தைத் திருப்பினேன். பின்னால் பால்பாயின்ட் பேனாவில் சுமதியின் கையெழுத்து. "அப்பாவுக்கு அனுப்ப வேண்டாம்."

அண்ணனுக்கு என்று எழுதி வைத்ததாக இருக்கும். உங்கள் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. இருக்கிறதிலேயே பிள்ளை நன்றாகச் சிரித்த படம் எது என்று பார்த்து எடுத்து உறையில் வைத்திருப்பாள். அவளைத் திட்டாதே, சுமதி.

2

நான் வேலை செய்கிற இடத்தைப் பற்றி உங்களுக்கு ஒழுங்காகச் சொன்னதே இல்லை. ஏசி வேலை என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். சிங்கப்பூருக்கு வந்த முதல் மூன்று வருஷம் ஆபீஸ் கட்டடங்கள். அதற்குப் பிறகு கம்பெனி என்னை ஒரு பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியது. எட்டு வருஷமாக அங்கேதான். காலை ஏழு மணிக்கு ஏணியும் கருவிப் பையுமாகப் போனால் மாலை ஆறு வரை கூரைக்கும் சுவருக்கும் நடுவில் என் பிழைப்பு. வகுப்பறை, நூலகம், ஹாஸ்டல், விழா அரங்கம் எல்லாம் என் ஏணிக்குக் கீழேதான்.

அங்கே இடம் கிடைப்பது லேசில்லை. சலித்துச் சலித்து எடுத்த பிள்ளைகள். நூலகத்தில் ஃபில்டர் கழுவப் போனால் கண் சிவந்து, முடி கலைந்து உட்கார்ந்திருப்பார்கள். பரீட்சை நேரத்தில் புத்தகத்தின் மேலேயே கன்னத்தை வைத்துத் தூங்கிவிடுவார்கள். ஏணி சத்தம் போட்டால்கூட எழுந்திருக்க மாட்டார்கள்.

அதே பிள்ளைகள் சனிக்கிழமை ஆனால் ஒருத்தன்மேல் ஒருத்தன் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஓடுகிறார்கள். பிறந்தநாள்காரனை நாலு பேர் தூக்கிக்கொண்டு போய்க் குளத்தில் போடுகிறார்கள். ஹாஸ்டலுக்கு ஹாஸ்டல் நாடகப் போட்டி, பாட்டுப் போட்டி. ஆம்பிளைப் பிள்ளைகள் பாவாடை கட்டிக்கொண்டு ஆடுகிறார்கள். வந்த புதிதில் எனக்கு எரியும். அப்பன் ஆத்தா வயிற்றைக் கட்டி அனுப்பியிருப்பார்கள், இதுகள் ஆடுகின்றன, உருப்படாது என்று ஏணி மேலிருந்தே சபிப்பேன்.

ஒரு நாள் என் சூப்பர்வைசர் லிம்மிடம் இதைச் சொன்னேன். அவர் சீனர். என் ஆங்கிலம் அவருக்குப் புரியாது, அவர் ஆங்கிலம் எனக்குப் புரியாது. எட்டு வருஷமாக அப்படித்தான் பேசிக்கொள்கிறோம். "சேகர், விளையாடுறவன் இங்கே தாங்குவான். விளையாடாதவன் ரெண்டாவது வருஷம் பெட்டியைக் கட்டிடுவான். எத்தனை பேரைப் பார்த்திருக்கேன்" என்றார். சீனனுக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்படி என் கண்முன்னால் குளத்தில் விழுந்த ஒரு பையன் இப்போது அங்கேயே பாடம் எடுக்கிறான். அவன் அறை ஏசியையும் நான்தான் பார்க்கிறேன். "குட் மார்னிங் அங்கிள்" என்பான். அவனைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு முரளியின் ஞாபகம் வரும். அது சந்தோஷமான ஞாபகம் இல்லை.

3

எனக்குக் கொஞ்சம் நல்ல கையெழுத்து. அதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்றுகூடச் சொல்லலாம்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் ஃபிட்டராக இருந்தபோது யூனியனில் மனு எழுதுவது என் பொறுப்பு. பத்தாவதும் ஐடிஐயும் படித்தவன், எழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று செயலாளர் என்னிடம் கொடுத்துவிட்டார். அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்தது இரண்டே விஷயம். "பேரைப் போடு தனசேகரு. யாரோ சிலர்னு எழுதினா யாரு மேலயும் நடவடிக்கை வராது. அப்புறம் நகல் போடு. ஒருத்தனுக்கு மட்டும் எழுதின மனு குப்பைக் கூடைக்குத்தான் போகும். மேல இருக்கிறவனுக்கு நகல் போயிருக்குன்னு தெரிஞ்சாத்தான் கீழ இருக்கிறவன் எழுந்து நிப்பான்."

அது பலித்தது. கேன்டீன் சாம்பார் தண்ணீராக இருக்கிறது என்று கான்ட்ராக்டர் பேரைப் போட்டு, மூன்று நகல் அனுப்பி எழுதினேன். பத்தே நாளில் ஆளை மாற்றினார்கள். எஸ்டேட் முழுக்க என் மனுவைப் பற்றிப் பேசினார்கள். பிறகு கம்பெனியையே மூடினார்கள். அதற்கும் மனு எழுதினேன், ஏழு நகல். அது பலிக்கவில்லை. எண்பத்தேழில் விமானம் ஏறினேன். முரளிக்கு அப்போது பதினாலு வயது, சுமதிக்கு ஒன்பது.

நான் இங்கே வந்த மூன்றாவது வருஷம் முரளிக்கு மெட்ராஸில் அந்தப் பெரிய இன்ஜினியரிங் கல்லூரியில் இடம் கிடைத்தது. கோவில்பதாகையில் நம் தெருவிலிருந்து அந்த வாசலை மிதித்த முதல் பிள்ளை. என் நைனா பருத்திப்பட்டு ஏரிப் பாசனத்தில் அடுத்தவர் நிலத்தில் நாற்று முடி சுமந்தவர். நான் கம்ப்ரசர் சுமக்கிறேன். முரளி எதையும் சுமக்கக் கூடாது. எனக்கு இருந்த கணக்கு அவ்வளவுதான்.

அவன் இரண்டாவது வருஷம் படிக்கும்போது உங்கள் ஏழுமலை மாமா வேலைக்கு என்று இங்கே வந்தான். ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலையில் டீக்கடை ஓரம் நின்றுகொண்டிருந்தோம். ஊர் கதை சொன்னான்.

"மாமா, உம் புள்ள இன்னா சாதாரண ஆளுன்னு நெனச்சுகினு கீறியா? காலேஜ்ல அவன் பேரே ஆவடிதான். போயி ஆவடின்னு சொல்லிப் பாரு. கேட்டுல நிக்கிற வாட்ச்மேன்ல இருந்து அல்லாருக்கும் தெரியுது."

"நல்லாப் படிக்கிறானா?"

"படிப்பு அது பாட்டுக்குக் கீது. விழாவுக்கு என்னியக் கூப்ட்டுக்கினு போனான். மேடைல பக்கெட்ட கவுத்துப் போட்டுகினு கானா பாடுறான் மாமா. மெஸ்ஸு சாம்பாரு மேல பாட்டு. பருப்பத் தேடிகினு உள்ள எறங்குனவன் இன்னும் கரையேறலன்னு. டி.நகர் பசங்க, அண்ணா நகர் பசங்க, ஷூ போட்டவன், கண்ணாடி போட்டவன், அல்லாரும் பெஞ்சு மேல ஏறி ஆடுறானுங்க. எனக்குக் கண்ல தண்ணியே வந்துருச்சு."

"கானாவா?"

"ஆமா மாமா. உங்க நைனா சாவு ஊட்ல பாடுவாரே, அதே மெட்டு. அப்டியே உங்க நைனா கொரலு."

அவன் அதைப் பெருமையாகத்தான் சொன்னான். என் காதில் அது பெருமையாக விழவில்லை. நான் பத்தாவது படிக்கும்போது ஒரு நாள் ஆவடி மார்க்கெட் வழியாகப் பாடை போகிறது. முன்னால் என் நைனா பாடிக்கொண்டு போகிறார், பக்கத்தில் நான் தகர டின்னைத் தட்டிக்கொண்டு போகிறேன். பள்ளிக்கூடம் விட்டு என் வகுப்புப் பையன்கள் ஓரமாக ஒதுங்கி நிற்கிறார்கள். மறுநாளிலிருந்து என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. அதிலிருந்து தப்பிக்கத்தான் ஐடிஐ, அதிலிருந்து தப்பிக்கத்தான் விமானம். என் பிள்ளை அதை எடுத்துக்கொண்டு போய்க் கல்லூரி மேடையில் வைத்திருக்கிறான்.

நான் அதை முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. "கூட யாரு யாரு?" என்று கேட்டேன். ஏழுமலை சந்தோஷமாகச் சொன்னான். வெங்கட், ரஃபி, ஸ்டீபன், பாலாஜி. நாலு பேரையும் பேருந்து டிக்கெட்டின் பின்னால் எழுதிக்கொண்டேன்.

அன்றைக்கே உட்கார்ந்து எழுதினேன். அனுப்புநர், பெறுநர், பொருள். "என் மகன் த. முரளியைக் கேளிக்கைகளிலிருந்து விலக்கி வைக்கக் கோருவது தொடர்பாக." மேற்கண்ட மாணவனின் தகப்பனாராகிய நான் கடல் கடந்து உழைத்துவருகிறேன், கீழ்க்கண்ட நால்வரின் கெட்ட சகவாசத்தால் என் மகன் தெருக்கூத்தாடியாக மாறிவருகிறான், அந்நால்வர் மீதும் தக்க நடவடிக்கை எடுக்க வேண்டுகிறேன் என்று எழுதி, நாலு பேரையும் வரிசை எண் போட்டுக் குறித்தேன். ஒருத்தனின் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை. மனு ஹாஸ்டல் வார்டனுக்கு. நகல் மூன்று: கல்லூரி முதல்வருக்கு ஒன்று, துறைத் தலைவருக்கு ஒன்று, கல்வித் துறை மேலதிகாரிக்கு ஒன்று. தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்து நிம்மதியாகச் சாப்பிட்டேன். மகனுக்கு ஒரு வரி எழுதிக் கேட்கவில்லை. அவனுக்குக் கடிதம் எழுத முடியும் என்கிற நினைப்பே அன்றைக்கு எனக்கு வரவில்லை.

4

அடுத்த வருஷம் லீவில் வந்தேன். முரளி வீட்டுக்கு வந்திருந்தான். சத்தமே இல்லை. சாப்பிட்டான், படித்தான், தண்ணீர் இறைத்துக் கொடுத்தான். மனு வேலை செய்துவிட்டது என்று நினைத்தேன். அம்மாவிடம்கூடச் சொன்னேன், "பாத்தியா, எவ்ளோ அடக்கமா மாறிட்டான்." அவள் அடுப்பை ஊதினாள்.

அவன் ஹாஸ்டலுக்குத் திரும்புகிற அன்று பஸ் ஏற்றிவிட நானும் கூடப் போனேன். பருத்திப்பட்டு ஏரிக்கரை ஓரம் நடந்தோம். பெட்டியை அவன் என்னிடம் கொடுக்கவில்லை. சுமதி, அன்றைக்குப் பேசியதை உன் அண்ணன் உன்னிடம் முழுசாகச் சொல்லியிருக்க மாட்டான். நான் சொல்கிறேன்.

"நைனா, ஒண்ணு கேக்கட்டா?"

"அப்பான்னு கூப்பிடு. எத்தினி தபா சொல்றது?"

"அந்த நாலு பேரு பேரு உங்களுக்கு எப்டித் தெரியும்?"

"ஏழுமலை சொன்னான்."

"வெங்கட்டு யாருன்னு தெரியுமா?"

"உன்னைக் கெடுத்தவன்."

முரளி சிரித்தான். கோபப்பட்டிருந்தால் எனக்குப் பழக்கம். அந்தச் சிரிப்பு பழக்கமில்லை.

"மொத செமஸ்டர்ல கணக்குல நானு பதினெட்டு மார்க்கு. உங்களுக்கு எழுதல. இங்கிலீஷ்ல நடத்துறாங்க, ஒண்ணும் வெளங்கல. மெஸ்ல தனியாத் துன்னுகினு இருந்தேன். ஒருநாள் காலைல குளிக்கிற எடத்துல பக்கெட்டத் தட்டிகினு பாடிகினு இருந்தேன், ஒருத்தனும் இல்லன்னு நெனச்சுகினு. கதவத் தொறந்தா நாலு பேரு சோப்பு டப்பாவோட நிக்கிறானுங்க. 'ஆவடி, இன்னொரு தபா பாடு'ன்றான் வெங்கட்டு. பாடுறேன், கணக்கு சொல்லிக் குடுப்பியான்னேன். சரின்னான். ஒரு பாட்டுக்கு ஒரு சாப்டரு. தமிழ்ல சொல்லிக் குடுத்தான் நைனா. ரெண்டாவது செமஸ்டர்ல எழுவத்திரெண்டு."

நான் பெட்டிக்குக் கை நீட்டினேன். அவன் அதை மறு கைக்கு மாற்றிக்கொண்டான்.

"உங்க மனு வந்துது. அஞ்சு பேரையும் ஆபீஸ்ல நிக்க வெச்சாங்க. ஊட்ல இருந்து ஆளக் கூட்டியாரச் சொன்னாங்க. ரஃபியோட அத்தா செங்கல்பட்டுல கடைய மூடிட்டு வந்தாரு. 'எம் புள்ள உனக்கு என்னப்பா கெடுதல் பண்ணான்'னு என்னையக் கேட்டாரு. நானு இன்னான்னு சொல்றது?"

"வார்டன் விசாரிச்சிருக்கலாமே."

"வார்டனு நல்லவரு. தனியாக் கூப்ட்டு சொன்னாரு. 'உங்கப்பா எனக்கு மட்டும் எழுதியிருந்தா கிழிச்சுப் போட்டுட்டு, உன்னை வர்ற ஹாஸ்டல் டேக்குப் பாடச் சொல்லியிருப்பேன்டா. மேல வரைக்கும் நகல் போட்டுட்டாரு. நான் நடவடிக்கை எடுத்தேன்னு பதில் எழுதியாகணும்' அப்டின்னாரு. டிகிரி முடிக்கிற வரைக்கும் எந்த விழாலயும் கலந்துக்க மாட்டேன்னு எழுதி வாங்கிகினாங்க. இன்னாத்துக்கு நைனா மூணு காப்பி?"

எனக்குப் பதில் தெரியும். யூனியனில் சொல்லிக் கொடுத்த பதில். அதைச் சொல்லாமல், "அந்தப் பசங்க இப்போ பேசறதில்லையா?" என்று கேட்டேன்.

"எப்டிப் பேசுவானுங்க? எம் பேரே மாறிடுச்சு. இப்போ ஆவடி இல்ல. காப்பி-டூ. உங்க மனுல 'நகல்'னு போட்டீங்கல்ல, அதுக்கு இங்கிலீஷு. மெஸ்ல நான் உக்காந்தா, 'டேய் பாத்துப் பேசு, அவுங்கப்பாக்கு நகல் போயிரும்'ன்றானுங்க."

"படிப்புக்காகத்தானே செஞ்சேன்."

"படிப்பு நல்லாத்தான் கீது. வேற வேல இல்லல்ல."

பஸ் வந்தது. ஏறினான். நான் நின்ற பக்கம் ஜன்னலோரம் இடம் இருந்தும் எதிர்ப்பக்கத்து சீட்டில் போய் உட்கார்ந்தான். அவன் என்னை நைனா என்று கூப்பிட்டது அதுதான் கடைசி. நான் சொன்னபடியே மாறிக்கொண்டான்.

5

அதற்குப் பிறகு முரளி எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். முதல் வகுப்பில் தேறினான், வேலைக்குப் போனான். பட்டமளிப்பு விழாவுக்கு வர நான் லீவு கேட்டேன். வேலை அனுமதியைப் புதுப்பிக்கும் நேரம். ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, கைரேகை, அது முடியும் வரை பாஸ்போர்ட் கம்பெனியிடம். ஒரு பாரத்தில் என் பிறந்த தேதி தப்பாக இருந்தது என்று மூன்று தடவை அலைய விட்டார்கள். பாஸ்போர்ட் கைக்கு வந்தபோது விழா முடிந்து பதினோரு நாள். முரளி சான்றிதழின் ஜெராக்ஸ் ஒன்றை அனுப்பியிருந்தான், தங்கள் பார்வைக்கு என்று மேலே எழுதி. ஆபீசில் மேலதிகாரிக்கு எழுதுகிற மாதிரி.

இப்போது போனில் பேசினால், "சொல்லுங்கப்பா" என்கிறான். அந்தக் குரலில் ஆவடி இல்லை, கோவில்பதாகை இல்லை. இன்னா என்று பேசாதே, கீது என்று சொல்லாதே என்று நான்தான் அடித்துத் திருத்தினேன். நன்றாகத் திருத்திவிட்டேன். எதிர்வீட்டுக்கு போன் போட்டு அம்மாவைக் கூப்பிட்டால் அவள் மூச்சிரைக்க ஓடிவந்து, "இன்னாய்யா, துன்னியா?" என்று கேட்கிறாள். நான் "பசியாறிட்டேன்" என்கிறேன். இங்கே அப்படித்தான் சொல்வது. லீவில் வந்தபோது அதைக் கேட்டு சுமதி வாயை மூடிக்கொண்டு சிரித்தது ஞாபகம் இருக்கிறது. என் பேச்சும் எங்கோ போய்விட்டது, அவன் பேச்சும் எங்கோ போய்விட்டது. கிடைத்த மூன்று நிமிஷத்தில் மழை பெய்ததா என்று கேட்டுக்கொள்கிறோம்.

முரளிக்குக் கல்யாணம் பேசும்போது நண்பர்களுக்கு எத்தனை பத்திரிகை வேண்டும் என்று அம்மா கேட்டாளாம். வேண்டாம் என்றானாம். நாலு வருஷம் படித்த கல்லூரியிலிருந்து கல்யாணத்துக்கு ஒருத்தன்கூட வரவில்லை. சாப்பாட்டுப் பந்தியில் என் பழைய அம்பத்தூர் கம்பெனிக்காரன், அவன் மாமனார் ஊர்க்காரன், தெருக்காரன் எல்லாரும் இருந்தார்கள். மாப்பிள்ளையைக் கேலி செய்ய ஆள் இல்லை. நான் பரிமாறிக்கொண்டே அதைப் பார்த்தேன்.

ஒன்றை மறைக்காமல் எழுதுகிறேன். இப்போதும் என் மனதில் ஒரு மூலை, நீ செய்தது சரிதான், முதல் வகுப்பு வாங்கினானா இல்லையா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. அந்த மூலைக்கு நான் சொல்கிற பதில் எதையும் அது ஒப்புக்கொள்வதில்லை.

6

சுமதி, நீயும் அதே கல்லூரியில் சேர்ந்தபோது உன் அண்ணன் உன்னிடம் என்ன சொல்லி அனுப்பினான் என்று எனக்குத் தெரியாது. என்ன சொல்லியிருப்பான் என்று இப்போது புரிகிறது. நாடகத்தில் கலந்துகொள்ளப் பெற்றோர் அல்லது பாதுகாவலர் கையெழுத்து கேட்பார்களே, அதில் யார் கையெழுத்து இருக்கும் என்றும் தெரிகிறது. நான் இருக்கும்போதே உனக்கு இன்னொரு பாதுகாவலர். அவன் சரியான ஆள்தான்.

அன்றைக்கு, அந்தப் படத்தைத் திருப்பிப் பார்த்த அன்றைக்கு, நான் என்ன செய்தேன் என்று கேள். மேஜையில் வெள்ளைத்தாளை எடுத்து வைத்து இடது பக்கம் அனுப்புநர் என்று எழுதினேன். கீழே என் பேரை எழுதினேன். பெறுநர் என்று எழுதி, வார்டன் அவர்கள், மகளிர் விடுதி என்றுகூட எழுதிவிட்டேன். கை தன் பாட்டுக்கு எழுதியது. இத்தனை தெரிந்த பிறகும், ஏரிக்கரையில் அத்தனை கேட்ட பிறகும். அதற்கு மேல் போகவில்லை. ஆனால் அதுவரை போனேன். நீ படத்தின் பின்னால் எழுதியது தப்பில்லை. சரியான ஆளுக்குப் பயந்துதான் எழுதியிருக்கிறாய்.

மறுநாள் வேலைக்குப் போனேன். விழா அரங்கத்தில் ஒரு கூட்டம் நாடக ஒத்திகையில் இருந்தது. அதில் ஒரு தமிழ்ப் பெண், இந்த ஊர்ப் பிள்ளை, உன் வயதுதான். நேராக என்னிடம் வந்தாள்.

"அங்கிள், சனிக்கிழமை அஞ்சு மணிக்கு ஏர்கான் நின்னுடுது. எங்களுக்கு எட்டு மணி வரைக்கும் ஒத்திகை. உள்ளே வெந்துடுறோம். கொஞ்சம் நீட்டி வைக்க முடியுமா?"

"பாரம் கொடுத்தீங்களாம்மா? மூணு நாளைக்கு முன்னாடி ஆபீஸ்ல கையெழுத்து வாங்கணும்."

"மறந்துட்டோம் அங்கிள்."

"பாரம் இல்லாம நான் தொட முடியாது." இதைச் சொல்வது எனக்குச் சுலபம். எட்டு வருஷமாகச் சொல்கிறேன்.

அவள் கெஞ்சவில்லை. "பரவால்ல. வேர்த்தாத்தான் உடம்புக்கு நல்லதுன்னு டைரக்டர்கிட்ட சொல்லிடுறேன்" என்றாள்.

"பரீட்சை எப்போ?"

"அடுத்த வாரம் ரெண்டு இருக்கு."

"அப்புறம் எதுக்கும்மா இதெல்லாம்?"

"இது இல்லன்னா அதை எப்படி அங்கிள் தாங்குறது?"

"வீட்ல தெரியுமா?"

"தெரியாம எப்படி? எங்கப்பா முதல் வரிசைல உக்காருவாரு. சோகக் காட்சில கை தட்டுவாரு. அவரை எங்கே உக்கார வைக்கிறதுன்னுதான் எங்களுக்குப் பெரிய கவலை."

சிரித்துக்கொண்டே ஓடிப்போனாள். ஒரு அப்பனைப் பற்றி ஒரு மகளுக்கு இருக்கிற கவலை இது. நான் ஏணியை மடித்துத் தூக்கிக்கொண்டேன்.

இனி சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். முரளி, அந்த நாலு பேருடைய விலாசமும் என்னிடம் இல்லை. இருந்தாலும் அவர்களுக்கு எழுத எனக்கு உரிமை இல்லை. உன்னிடம் மன்னிப்பு என்று எழுதினால் அதையும் ஒரு பாரம் மாதிரி நிரப்பி அனுப்புகிறேன் என்று உனக்குத் தோன்றும். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதியிருக்கிறேன். பேரைப் போட்டவன் நான். நகல் போட்டவன் நான். ஏழுமலை இல்லை, வார்டன் இல்லை. நீ பதில் எழுத வேண்டியதில்லை.

சுமதி, அடுத்த பிப்ரவரியில் உன் கடைசி வருஷக் கல்லூரி விழா வரும். நான் லீவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். வரச் சொன்னால் வருகிறேன். வேண்டாம் என்றால் கோவில்பதாகை வீட்டிலேயே இருந்துவிடுகிறேன், உன் கல்லூரிப் பக்கமே வரமாட்டேன். எது என்று உன் கையால் ஒரு வரி எழுது. அம்மாவை விட்டுச் சொல்லச் சொல்லாதே.

இப்படிக்கு,
அப்பா

7

உறையை ஒட்டுவதற்கு முன்னால் இன்னும் கொஞ்சம்.

இன்று சனிக்கிழமை. எனக்கு மதியத்தோடு வேலை முடிந்துவிட்டது. இதை அறையில் உட்கார்ந்து எழுதி முடிக்கும்போது மணி நாலு. சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறித் திரும்பவும் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். லிம் இல்லை. யாரும் கூப்பிடவில்லை. விழா அரங்கத்துக்குப் பின்பக்க இரும்புப் படியில் ஏறி, இயந்திர அறையைத் திறந்து உள்ளே போனேன். சுவரில் நேரம் வைக்கிற வட்டப் பலகை இருக்கிறது. விளிம்பில் கால் மணி நேரத்துக்கு ஒரு துளை; முள் செருகியிருக்கிற நேரத்தில் ஏசி நின்றுவிடும். ஐந்து மணியில் இருந்த முள்ளைப் பிடுங்கி எட்டரையில் செருகினேன்.

பக்கத்தில் பதிவேடு தொங்குகிறது. எதை மாற்றினாலும் யார் சொல்லி, எதற்கு, எந்தப் பாரம் என்று எழுத வேண்டும். பேனாவை எடுத்தேன். பிறகு பைக்குள் போட்டுவிட்டேன்.

ஐந்து மணி ஆகும் வரை நின்றேன். ஏசி நிற்கவில்லை, ஓடிக்கொண்டே இருந்தது. கீழே தரையில் தொம் தொம் என்று குதிக்கிறார்கள், யாரோ வசனத்தை மறந்துவிட்டார்கள் போல, எல்லாரும் ஊளையிட்டுச் சிரிக்கிறார்கள். என்ன நாடகம் என்று தெரியவில்லை. எட்டிப் பார்க்கவில்லை. கதவைச் சாத்திவிட்டுப் பின்படி வழியாகவே இறங்கி வந்துவிட்டேன்.